ஏட்டைக் கற்றவரும் கல்லைக் கற்றவரும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் வடசென்னைவாழ் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வடசென்னை உழைப்பவர்களின் ஊர். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணியர் புகைவண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. ஆர்க்காட்டுச் சீமையையும் சென்னைக் கடற்கரையையும் இணைத்த தடம் அது. பின்னாளில் துறைமுகம் வளர்ந்தது; எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தன; அனல் மின் நிலையம் புகை கக்கத் தொடங்கியது. வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் பகுதிகளின் சமணச் சிற்றூர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வேலையின் பொருட்டுத் தலைநகரத்தை நாடின. வந்தவர்கள் உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், வீடு கட்டினார்கள். ஊரில் அவர்கள் விட்டு வந்தவை இரண்டு: ஒன்று ஜினாலயம், மற்றொன்று வீட்டுப் பரணில் கிடந்த ஏட்டுச் சுவடிகள்.

இப்படி ஊரைவிட்டு நகரை நோக்கி நம்மவர் நகர்ந்த அதே நூற்றாண்டில், எதிர்த்திசையில் இரண்டு பெண்மணிகள் வந்தார்கள். இருவரும் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். ஒருவர் ஏடுகளைத் தேடி வந்தார். மற்றவர் கற்களைத் தேடி வந்தார். ஏட்டைத் தேடி வந்தவர் ஷார்லொட்டே கிரவுஸே. கல்லைத் தேடி வந்தவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். அவர்களுடைய வாழ்வும் பணியும் இன்று இந்த அவையில் பேசப்பெறுவது, அயல்நாட்டார் நம்மைப் புகழ்ந்தார்கள் என்று மகிழ்வதற்காக அன்று. அவர்கள் கற்ற முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பதற்காக.

ஷார்லொட்டே கிரவுஸே 1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். அவர் கல்வி பயின்ற பல்கலைக்கழகம் லைப்சிக் நகரில் உள்ளது. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் தமிழ் கற்றவர்க்கு அந்நியமானவை அல்ல. தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு, ஹாலே நகரத்துக் கல்விச்சாலையோடு தொடர்புடையவர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துருக்கள் ஹாலேயில்தான் வார்க்கப்பெற்றுக் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகின்றன. லைப்சிக் நகரில் திருச்சபைப் பணி செய்த கார்ல் கிரவுல் என்னும் அறிஞர் தென்னாட்டில் தங்கித் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட அதே ஆண்டு அது. ஆகவே கிரவுஸே அம்மையார் பிறந்த மண்ணும் பயின்ற மண்ணும் தமிழோடு ஏற்கெனவே உறவு கொண்டவை.

அந்நாளில் ஜெர்மனியிலும் பெண்கள் உயர்கல்வி பெறுவது எளிதாக இருக்கவில்லை. அந்நாட்டின் பல்கலைக்கழகங்கள் 1900க்கும் 1909க்கும் இடையில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களை முறையான மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கின. பல்கலைக்கழக ஆசிரியராவதற்கான தகுதியைப் பெறும் உரிமை பெண்களுக்கு 1920இல்தான் கிட்டியது. கிரவுஸேயின் இளமைக் காலம் இந்தக் கதவுகள் மெல்லத் திறந்துகொண்டிருந்த காலம். முதல் உலகப் போரும், அதன் பின்வந்த வறுமையும் அந்நாட்டை வாட்டிய காலமும் அதுவே. அந்தச் சூழலில் ஓர் இளம்பெண் வடமொழியையும் பிராகிருதத்தையும் பழைய ராஜஸ்தானியையும் தம் பாடமாகத் தேர்ந்துகொண்டார் என்றால், அந்தத் துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் யோகன்னஸ் ஹெர்ட்டல். இவர் பல்லாண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடியே பஞ்சதந்திரக் கதைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். பஞ்சதந்திரத்தின் பல வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஹெர்ட்டல், அக்கதைகளைக் காத்து வளர்த்தவர்களில் சமண முனிவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நிறுவினார். பூர்ணபத்திரர் என்னும் சமண முனிவர் 1199ஆம் ஆண்டு இயற்றிய பஞ்சதந்திர வடிவத்தை அவரே பதிப்பித்தார். குஜராத்துச் சுவேதாம்பரர்களின் இலக்கியம் பற்றித் தனிநூலும் எழுதினார்.

இதற்கு முன்பே ஹெர்மன் யகோபி என்னும் மற்றொரு ஜெர்மானிய அறிஞர் சமண ஆய்வுக்கு வழி அமைத்திருந்தார். சமணம் பௌத்தத்திலிருந்து கிளைத்த ஒரு பிரிவு என்று மேலைநாட்டார் பலர் எண்ணியிருந்தனர். 1879இல் கல்பசூத்திரத்தைப் பதிப்பித்த யகோபி, அது தவறு என்றும், சமணம் தனித்த தொன்மையான நெறி என்றும் சான்றுகளோடு எடுத்துரைத்தார். அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சமண சூத்திரங்களின் இரண்டாம் தொகுதி வெளிவந்த 1895ஆம் ஆண்டில்தான் கிரவுஸே பிறந்தார்.

ஹெர்ட்டலின் மாணவியாகிய கிரவுஸே, முதலில் சமணக் கதை இலக்கியத்தில் ஈடுபட்டார். இளவரசன் அகடன் கதையையும் அம்படனின் வீரச்செயல்களையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1922இல் வெளியிட்டார். அடுத்து, பழைய ராஜஸ்தானி மொழியிலமைந்த நாசகேதன் கதையைக் கையெழுத்துச் சுவடியிலிருந்து பதிப்பித்தார். 1925இல் வெளிவந்த அந்நூலில் கதை மட்டும் இல்லை; அம்மொழியின் இலக்கணமும், அருஞ்சொற்பொருளும், ஆய்வுக் குறிப்புகளும் சேர்ந்திருந்தன. தாம் அதுவரை காணாத ஒரு நாட்டின் வட்டார மொழிக்கு அவர் தம் ஊரில் இருந்தபடியே இலக்கணம் எழுதினார்.

ஐரோப்பாவிலிருந்த இவ்வறிஞர்களுக்குச் சுவடிகள் எவ்வாறு கிடைத்தன? இங்குதான் நம் நாட்டுத் துறவி ஒருவரை நன்றியோடு நினைக்க வேண்டும். அவர் விஜயதர்ம சூரி என்னும் சுவேதாம்பர ஆசாரியர். சாத்திரத்தைப் பூட்டி வைப்பது சாத்திரத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று கருதியவர். காசியில் பாடசாலை நிறுவினார். நூல் வரிசையைத் தொடங்கி வைத்தார். கடல் கடந்த அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர்களுடைய ஐயங்களைத் தீர்த்து, சுவடிகளையும் நூல்களையும் கிடைக்கச் செய்தார். 1922இல் சிவபுரி என்னும் ஊரில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணியை அவருடைய மாணாக்கர் விஜயேந்திர சூரி தொடர்ந்தார்.

1920களின் நடுப்பகுதியில் கிரவுஸே இந்தியாவுக்குப் பயணமானார். நூலில் கண்ட சமணத்தை வாழ்க்கையில் காண விரும்பி வந்தவர், திரும்பிச் செல்லும் எண்ணத்தையே விட்டார். சிவபுரியில் விஜயேந்திர சூரியின் வழிகாட்டலில் சமண நூல்களைக் கற்றார். குஜராத்தியும் இந்தியும் பயின்றார். துறவியர் உரைகளைக் கேட்டார். இல்லறத்தாரின் நோன்புகளையும் வழிபாட்டையும் அருகிருந்து கண்டார். இறுதியில் இல்லறத்தார்க்குரிய சமண நெறியைத் தாமும் மேற்கொண்டு, சுபத்திராதேவி என்னும் பெயரை ஏற்றார்.

அவர் கற்றது சுவேதாம்பர மரபு. தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். வழிபாட்டிலும் சாத்திர ஏற்பிலும் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்து விரதங்களும் இரு மரபுக்கும் பொதுவானவை. 1929இல் சமண ஒழுக்கவியல் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூல் இந்தப் பொதுநிலத்தில் நின்று பேசுகிறது. தனிமனிதர் தம் உயிரின் உயர்வைத் தேடுவதும் சமுதாயத்தின் நலத்தைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்படவேண்டியதில்லை. சமண ஒழுக்கம் இரண்டையும் ஒருசேரக் காக்கிறது என்பது அவருடைய கருத்து. கோடிக்கணக்கானவர் மடிந்த ஒரு போரைக் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் இதனைச் சொன்னார் என்பதை மறக்கக்கூடாது. அவருக்கு அகிம்சை ஏட்டுச் சொல்லாக இருந்திருக்க இயலாது. மறு ஆண்டு, இறுதித் தீர்த்தங்கரர் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம் பற்றிய நூலும் வெளிவந்தது.

பின்னாளில் அவருடைய பணிக்களம் குவாலியர் அரசின் பகுதிகளாக அமைந்தது. விக்கிரமாதித்தனையும் சித்தசேன திவாகரரையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1948இல் வெளிவந்த விக்கிரம மலரில் இடம்பெற்றது. 1952இல் உஜ்ஜயினியின் சிந்தியா கீழ்த்திசை நிறுவன வரிசையில் பழஞ்சமணத் துதிகளின் பதிப்பு ஒன்றை அவர் வெளியிட்டார்.

சுவடிப் பதிப்பு என்பது எத்தகைய பணி என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒரு பாடலுக்குப் பல படிகள் கிடைக்கும். படி எடுத்தவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை விட்டிருப்பார். வேறோரிடத்தில் தாம் அறிந்த சொல்லைப் புகுத்தியிருப்பார். பூச்சி அரித்த இடம் ஒன்றிருக்கும். மை மங்கிய இடம் ஒன்றிருக்கும். எல்லாப் படிகளையும் சொல் சொல்லாக ஒப்பிட்டு, யாப்பையும் இலக்கணத்தையும் பொருளையும் சீர்தூக்கி, ஆசிரியர் எழுதியது எது என்று துணிய வேண்டும். துணிய முடியாத இடத்தில் அதனை மறைக்காமல் குறிக்க வேண்டும். பாடியவர் யார், எக்காலத்தவர் என்று பிற நூல்களில் தேட வேண்டும். தமிழில் உ. வே. சாமிநாதையர் செய்த தவம் இதுவே.

சுபத்திராதேவி அம்மையார் 1980ஆம் ஆண்டு குவாலியரில் மறைந்தார். வாழ்வின் பெரும்பகுதியை இந்த நாட்டிலேயே கழித்தவர் அவர். ஆனால் அவருடைய எழுத்துகள் பல்வேறு மலர்களிலும் சிறுவெளியீடுகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, வாழ்க்கை வரலாற்றோடு ஒரே நூலாகக் காசியின் பார்சுவநாத வித்யாபீடம் வெளியிட்ட ஆண்டு 1999. அவர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்தே அது நிகழ்ந்தது. சமண நூல்களைத் திரட்டிக் காத்தவரின் நூல்களைத் திரட்டிக் காக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இனி, கல்லைக் கற்ற பெண்மணியைக் காண்போம். ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1896ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த நிகோல்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் செக் நாட்டில் உள்ளது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயின்று, இந்தியாவின் தொடக்ககாலப் பௌத்தச் சிற்பங்களை ஆராய்ந்து 1919இல் முனைவர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் அவர் ஆற்றிய உரைகளின் வழியாக இரவீந்திரநாத தாகூரின் அறிமுகம் கிட்டியது. தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனுக்கு வந்தார். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படைப்புகள் வந்து சேர அவரே காரணமாயிருந்தார். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1950 வரை இந்தியக் கலை பயிற்றுவித்தார்.

அவருடைய முறையின் சிறப்பு ஒன்று உண்டு. அக்காலத்து மேலைநாட்டு அறிஞர் பலர் நம் சிற்பங்களைக் கிரேக்கச் சிற்பங்களோடு ஒப்பிட்டு, அவற்றின் அளவுகோலால் அளந்து, குறை கூறினர். கிராம்ரிஷ் அவ்வாறு செய்யவில்லை. இச்சிற்பத்தைச் செய்தவன் எந்த நூலைக் கற்றான், எந்த அளவைக் கொண்டான், எதற்காகச் செய்தான் என்று கேட்டார். அதற்காக வடமொழி கற்றார். விஷ்ணுதர்மோத்தரத்தில் ஓவியமும் திருவுருவமும் பற்றிய பகுதியை மொழிபெயர்த்தார். அதன் திருத்திய பதிப்பு 1928இல் வந்தது. 1933இல் இந்தியச் சிற்பம் பற்றிய நூலும், 1946இல் கோயிற்கலை பற்றிய இரு தொகுதிகள் கொண்ட பெருநூலும் வெளிவந்தன. கோயிலின் தரைத்திட்டம், அடித்தளம், கருவறை, சிகரம் ஆகிய ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் உண்டு என்பதைச் சிற்பநூல்களைக் கொண்டே அவர் விளக்கினார்.

அந்நூல் இந்துக் கோயில்களைப் பற்றியது. ஆயினும் சிற்பிகளின் மரபு சமயப் பிரிவுகளைக் கடந்தது. மானசாரம் என்னும் சிற்பநூலில் சமணத் திருவுருவங்களுக்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரே உளி மரபு சிவாலயத்தையும் ஜினாலயத்தையும் செதுக்கியது. திருவொற்றியூரில் வாழ்பவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ஆதிபுரீசுவரர் கோயிலையே காணலாம். அதன் விமானம் பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவினது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அது கற்றளியாயிற்று என்பதையும், அதனைச் செய்த தச்சனின் பெயர் இரவி என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. வியாகரணம் பயிற்றுவித்த மண்டபம் ஒன்று அங்கிருந்ததையும் கல்வெட்டே தெரிவிக்கிறது. ஆலைச் சங்கொலிக்கு நடுவே ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தச்சன் ஒருவனின் பெயர் நிலைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்க்கு மட்டுமே அப்பெயர் கேட்கும்.

1950இல் கணவரை இழந்த கிராம்ரிஷ் அமெரிக்காவுக்குச் சென்றார். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், 1954 முதல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் காப்பாட்சியராகவும் பணிபுரிந்தார். அந்த அருங்காட்சியகத்தில் மதுரை மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த கல்மண்டபத் தூண்கள் உள்ளன. 1912இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். கோயிலில் பயன்பாடின்றிக் குவிந்து கிடந்த கற்கள், கடலுக்கு அப்பால் ஒரு பெருங்கூடமாக எழுந்து நிற்கின்றன. இந்திய அரசு 1982இல் பத்மபூஷண் விருதளித்துக் கிராம்ரிஷைச் சிறப்பித்தது. அவர் 1993இல் மறைந்தார்.

இருவருடைய வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. கிராம்ரிஷுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் இருந்தது, அருங்காட்சியகம் இருந்தது, மாணவர் வரிசை இருந்தது. அவர் பெயரை அவை சுமந்து நின்றன. சுபத்திராதேவி நம்பி வந்தது ஒரு சமய சமுதாயத்தை. பல்கலைக்கழகத்துக்கு ஈடாக அவர் பெயரைச் சுமக்கவேண்டிய கடமை அந்தச் சமுதாயத்துடையது. அதனை அது நிறைவேற்றத் தாமதித்தது. இன்று இந்த அவையில் உள்ளவர்களில் எத்தனை பேர் அப்பெயரை முன்பே கேட்டிருப்பார்கள்? குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அறிஞரைப் போற்றும் ஏற்பாடு ஒரு சமுதாயத்தில் இல்லையென்றால், அடுத்த அறிஞர் அங்கே தோன்றமாட்டார் என்பதற்காகச் சொல்லப்படுகிறது.

கற்ற பெண்மணிகள் நமக்குப் புதியவர்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பெறும் சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் உள்ளன. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த வேடல் என்னும் ஊரின் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்றது. அது கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவருடைய மாணவியர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகிறது. ஐந்நூறு மாணவியர்! ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்ததையும், அவ்விடம் பெண்பள்ளியாக விளங்கியதையும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு கூறுகிறது. கன்னட நாட்டில் அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டி, சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார் என்பது வரலாறு. ஜெர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வந்தவாசி வட்டாரத்தில் ஒரு பெண் ஆசிரியர் ஐந்நூறு பெண்களுக்குக் கற்பித்திருக்கிறார். அந்த ஊர்களிலிருந்துதான் இங்குள்ள குடும்பங்கள் பலவும் வந்தன.

அப்படியிருக்க, இன்று ஒரு வீட்டில் மகள் தந்தையிடம் வந்து, ‘அப்பா, கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்’ என்று சொன்னால் என்ன விடை கிடைக்கிறது? ‘அதைப் படித்தால் வேலை கிடைக்குமா, அம்மா?’ என்பதுதான். ஆலையில் மாறிமாறி இரவுப்பணி செய்து பிள்ளைகளை வளர்த்த தந்தையின் கேள்வி அது. அதில் தவறில்லை. அந்தக் கேள்விக்கு அந்த மகள் தனித்து நின்று விடை சொல்லவேண்டியிருப்பதுதான் தவறு. பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள், கல்வெட்டியலும் சுவடியியலும் பிராகிருதமும் பயிலும் பிள்ளைக்கும் வழங்கலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலும் தொல்லியலும் பயிற்றுவிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வாயில்கள் திறந்திருக்கின்றன, உள்ளே செல்பவர்களுக்குத் தோள் கொடுப்பவர்கள் வேண்டும்.

இது ஏன் இப்போது தேவையாகிறது? ஊர்களில் உள்ள பழைய ஜினாலயங்கள் பல திருப்பணி காண்கின்றன. நகரத்தில் பொருள் ஈட்டியவர்கள் பக்தியோடு நன்கொடை அளிக்கிறார்கள். அந்த நன்கொடையே சில வேளைகளில் அழிவுக்குக் காரணமாகிவிடுகிறது. கல்வெட்டின்மேல் சிமெண்ட் பூசப்படுகிறது. மணல் வீச்சு முறையில் கல்லைத் துப்புரவு செய்யும்போது எழுத்தும் சேர்ந்து தேய்கிறது. பழைய சுவரோவியத்தின்மேல் வெள்ளை அடிக்கப்படுகிறது. போளூரை அடுத்த திருமலையிலும், ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்திலும் ஓவியங்கள் எஞ்சியிருப்பது நம் நற்பேறு. திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்களையும் அவற்றின் ஓவியங்களையும் டி. என். இராமச்சந்திரன் விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அந்நூல் இல்லையேல், பின்னர் மங்கிப்போன பகுதிகளில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார். எழுதி வைப்பதும் படம் எடுத்து வைப்பதும் காப்பின் முதற்படி.

ஏடுகளின் நிலையும் அதுவே. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது எவ்வாறு? சைவராகிய சாமிநாதையர், பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் தேடிக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சிந்தாமணியை வழிவழியாகப் பாடம் கேட்டுப் பொருளறிந்திருந்தார்கள். ஏடும் இருந்தது, ஏட்டைப் படித்தறிந்த வீட்டாரும் இருந்தார்கள். அதனால்தான் அக்காப்பியம் நாட்டுக்குக் கிடைத்தது. இன்று அத்தகைய ஓர் அறிஞர் வந்து கதவைத் தட்டினால், பொருள் சொல்ல எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள்?

சமண நெறி இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு: ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம். விழாக்காலங்களில் அன்னம் வழங்குகிறோம். துன்புறும் உயிர்களுக்கு அடைக்கலம் அளிக்கிறோம். மருத்துவ முகாம் நடத்துகிறோம். நான்காவது தானம் மட்டும் பெரும்பாலும் மறந்துபோயிற்று. அதனை நிறைவேற்றப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

இந்த விழாவின் நினைவாகக் குடும்பங்கள் சில செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, சொந்த ஊர் வீட்டில் ஏடோ, பழைய கையெழுத்துப் புத்தகமோ இருந்தால், அதனை ஆற்றில் விடவோ எரிக்கவோ வேண்டாம். ஈரம் படாமல் துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ, உ. வே. சா. நூல்நிலையத்தையோ அணுகலாம். ஏட்டைக் கொடுக்க மனமில்லையென்றால் படம் எடுக்கவாவது இசையலாம். இரண்டாவது, ஊர்க் கோயில் திருப்பணிக்குப் பொருள் அளிப்பவர்கள், பணி தொடங்குமுன் சுவர், தூண், படி, பீடம் அனைத்தையும் படம் எடுக்கவேண்டும் என்றும், எழுத்துள்ள கல்லை அகற்றவோ பூசவோ கூடாது என்றும் நிபந்தனை விதிக்கலாம். கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள். மூன்றாவது, பாட்டியும் அத்தையும் நோன்பு நாள்களில் சொல்லும் ஸ்ரீபுராணக் கதைகளையும் துதிகளையும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து, சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு எழுதி வைக்கலாம். நான்காவது, அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஒரு மாணவிக்கேனும் சுவடியோ கல்வெட்டோ பயில உதவலாம். அந்த உதவித்தொகைக்குக் கனகவீரக் குரத்தியார் பெயரும் பொருந்தும்; சுபத்திராதேவி பெயரும் பொருந்தும்.

ஹாலேயில் பிறந்த ஒரு பெண் ராஜஸ்தானத்து ஏட்டுக்கு இலக்கணம் எழுத முடிந்தது. நிகோல்ஸ்பர்க்கில் பிறந்த ஒரு பெண் இந்தியச் சிற்பியின் நூலைக் கற்று அவன் மனத்தை அறிய முடிந்தது. அவர்களுக்கு அந்த ஏடும் கல்லும் பாட்டன் சொத்து அல்ல. மொழியை முயன்று கற்றதனால் அவை அவர்களுடையவையாயின. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவை பாட்டன் சொத்து. தமிழ் அவர்களுக்குத் தாய்மொழி. அந்தப் பெண்மணிகள் கடக்கவேண்டியிருந்த தொலைவில் பாதியைக்கூட நம் பிள்ளைகள் கடக்கவேண்டியதில்லை. வந்தவாசிக்குச் செல்ல ஒரு காலைப் பொழுது போதும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குச் செல்லுங்கள். கோயிலில் வழிபாடு முடிந்ததும் உடனே திரும்பிவிடாமல், சுவரில் உள்ள எழுத்தைக் காட்டுங்கள். எவருக்கும் படிக்கத் தெரியாவிட்டாலும் காட்டுங்கள். படிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று அவர்களில் ஒருவர் சொன்னால், சரியென்று சொல்லுங்கள்.

அருகன் அருள் அனைவர்க்கும் உரியதாகுக.